பாட்டியோ பராமரிப்பு: ஆதம்பாக்கத்து வாசல் ஒன்றை முன்வைத்து

வீட்டுக்குள் இருக்கும் தரையைப் பற்றி அறிஞர்கள் போதிய அளவு கவலைப்பட்டுவிட்டார்கள். கேட்டுக்கும் நிலைப்படிக்கும் நடுவே வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கல்லை யாரும் பொருட்படுத்தியதில்லை. காரணத்தை ஊகிக்கலாம். ஆய்வு செய்யத் தெரிந்தவர்கள் காலையில் அந்தக் கல்லைத் தாண்டி ஆபீசுக்குப் போய்விடுகிறார்கள். குந்தி உட்கார்ந்து அதைத் தேய்ப்பவர்களுக்கு எழுத நேரமில்லை. இவ்வாய்வாளர் பணி ஓய்வு பெற்றவர், வீட்டோடு மாப்பிள்ளையும்கூட. இவ்விரு தகுதிகளும் ஒருவரிடமே கூடி வருவது அரிது என்பதால் இக்கட்டுரை எழுத நேர்ந்தது.

முதலில் பெயர். ஆய்வுக்காகக் கடையில் வாங்கி வந்த ஐந்து லிட்டர் டப்பாவின் மேல் ‘பாட்டியோ சீலர்’ என்று இருந்தது. மனைவி அதை உரக்கப் படித்தார். ஈசிசேரில் இருந்த மாமியார் நிமிர்ந்து, “பாட்டியோன்னு என்னமோ சொல்றாளே மாப்பிள்ளை, எனக்கு வாங்கின மருந்தா?” என்று கேட்டார். வயது எண்பத்தொன்று, முட்டி வலி. கேள்வியில் நியாயம் உண்டு. பாட்டியோ என்பது ஸ்பானியச் சொல். நாற்புறமும் வீடு சூழ்ந்த நடுமுற்றத்தைக் குறிப்பது. நம் முற்றத்துக்குப் பங்காளி முறை. ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அது வீட்டின் பின்பக்கம் போய், நாற்காலி போட்டு வெயில் காயும் கல்தளம் ஆயிற்று. சென்னைக்கு வந்ததும் முன்பக்கம் வந்து, ஸ்கூட்டர் நிறுத்தும் இடம் ஆயிற்று. வெயில் காய்வதற்கென்று நமக்குத் தனியாக ஓர் இடம் தேவைப்படவில்லை என்பதே இம்மாற்றத்துக்குக் காரணம் என்க.

இனி ஆய்வுக்களம். அகலம் பதினாறடி, நீளம் பன்னிரண்டடி. கற்கள் மூன்று வகை. அவை மூன்று ஆட்சிக்காலங்களைச் சேர்ந்தவை. 1984இல் மாமனார் வீடு கட்டியபோது போட்டது கடப்பா. 2003இல், மைத்துனர் அமெரிக்கா போன ஆண்டில், படிகளுக்கு மட்டும் கறுப்பு கிரானைட். 2019இல் கார் வந்தபோது கேட்டை ஒட்டிய ஆறடிக்குப் போர்சலின் பார்க்கிங் டைல்ஸ். கார் வாங்கியவர் இவ்வாய்வாளர். ஆகவே அந்த ஆறடியில் மட்டும் அவருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு.

கடப்பாக்கல் கறுப்பாக இருப்பதால் உறுதியானது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது சுண்ணாம்புக்கல். மீனே தோன்றியிராத காலத்துக் கடலின் அடியில் படிந்த சேறு இறுகியது. ராஜஸ்தானத்துக் கோட்டா, தெலங்கானாவின் தாண்டூர், கர்நாடகத்தின் ஷாபாத் எல்லாம் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. நிறத்தில் கரும்பலகை, குணத்தில் சாக்பீஸ் என்று வைத்துக்கொண்டால் பின்னால் வரும் துயரங்கள் எளிதில் விளங்கும். கறுப்பு கிரானைட்டோ கிரானைட்டே அல்ல. கடைக்காரர் வாயில் கிரானைட்; புவியியலாளர் வாயில் பெரும்பாலும் டாலரைட். பூமியின் உள்ளிருந்து உருகி மேலே வந்து உறைந்தது. போர்சலின் டைல் மனிதன் செய்தது: வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்து அழுத்தி, ஏறத்தாழ 1200 டிகிரியில் சுட்டெடுத்த கல். குஜராத்தின் மோர்பியில் இருந்து லாரியில் வந்தது.

ஒரு விலகல். இந்த வீட்டு மொட்டைமாடியில் நின்றால் பரங்கிமலை தெரியும். அந்த மலையின் பாறை, பல்லாவரத்துப் பாறை இரண்டும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை. உலகப் புவியியல் நூல்களிலெல்லாம் இடம்பெற்றவை. ஆனால் பெயர் சார்னோகைட். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லைப் பார்த்து, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்த பெயர் அது. உயிரோடு இருக்கும் மலைக்கு, வெளியூரில் செத்தவர் பெயர். பல்லாவரத்துக்காரர்கள் இதற்காக ஒரு நாள் கடையடைப்பு நடத்தியிருக்க வேண்டும். நடத்தவில்லை. ஆய்வுக்கு உட்பட்ட வாசலில் அந்த மலைக்கல் ஒரு துண்டுகூட இல்லை என்பதால் மேலே செல்வோம்.

கறைகளை எண்ணெய்க்கறை, துருக்கறை, உயிர்க்கறை, உப்புக்கறை என்று பிரிப்பது மேலைநாட்டு முறை. இந்த வாசலுக்குப் பஞ்சாங்கமே போதும். ஆடியில் எதிர்வீட்டு நாவல் மரம் எல்லை தாண்டிப் பழம் உதிர்க்கும், கல் ஊதாவாகும். ஐப்பசியில் தீபாவளி. வெடி என்னவோ குப்பையை மட்டும் விட்டுப்போகிறது. சத்தமே போடாத பாம்பு மாத்திரைதான் கல்லில் கறுப்பு வட்டம் வைக்கிறது. கடப்பாவின் கிழக்கு ஓரத்தில் இத்தகைய வட்டங்கள் பதினொன்று உள்ளன. பேரன் பாம்பு மாத்திரை கொளுத்திய ஆண்டுகளும் பதினொன்று. ஐப்பசி மழையோடு பாசி. கார்த்திகையில் அகல்விளக்கு எண்ணெய். ஆண்டு முழுவதும் போர் தண்ணீரின் வெள்ளை உப்பு. சிமெண்ட்டிலிருந்து கரைந்த சுண்ணாம்பு இடுக்கு வழியே மேலே வந்து காற்றுப் பட்டு வெளுப்பது தனி. “உப்பு பூக்குது” என்பார்கள். வாசலில் ஆண்டெல்லாம் பூப்பது அது ஒன்றே.

ஆரத்திக் கறைக்குத் தனி அத்தியாயமே எழுதலாம். மஞ்சள்நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும் என்பது வேதியியல். சுற்றிய பின் அதை வாசலின் ஓரத்தில் கொட்டுவது மரபு. கடப்பா குடித்துவிடும். முதல் வாரம் ஏதோ நடந்த இடம்போல இருக்கும்; புதிய தபால்காரர் ஒருமுறை தயங்கி நின்றார். பிறகு வெயிலே அதை அழித்துவிடுகிறது, குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. சிவப்பு போனதும் சுண்ணாம்பின் வெளுப்பு மட்டும் நிற்கும். வாசலின் தென்மேற்கு மூலையில் திட்டுத் திட்டாக நிற்பது, இந்த வீட்டுக்கு வந்த மருமகள்களும் குழந்தைகளும் பரீட்சையில் தேறியவர்களுமே.

கோவை உறவினர் ஒருவர் அன்போடு கொடுத்த சாணிப் பவுடர் பொட்டலத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பசுவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மஞ்சள் பவுடர் ஆரமைன், பச்சைப் பவுடர் மாலகைட் கிரீன். இரண்டும் சாயம், இரண்டும் நஞ்சு. ஒரே ஒரு பொங்கலுக்குத்தான் தெளித்தது. டைல்ஸ் இடுக்குகள் இன்றும் பச்சை.

இக்கறைகளைப் போக்குவதில் நான்கு பள்ளிகள் உள.

முதலாவது ஆசிட் பள்ளி. இதன் ஆசான் மேஸ்திரி. கோட்பாடு சுருக்கமானது: நுரைத்தால் அழுக்கு போகிறது. 2019இல் டைல்ஸ் வேலை முடிந்து, சிதறிய சிமெண்ட்டை எடுக்க அவர் கடப்பாவில் ஆசிட் ஊற்றினார். பொங்கி நுரைத்தது. “பாத்தீங்களா சார், எவ்ளோ அழுக்கு!” என்றார். இவ்வாய்வாளரும் வியந்தார். பிற்பாடு செய்த ஆய்வில் தெரிந்தது: நுரைத்தது அழுக்கு அல்ல, கல். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் சுண்ணாம்புக்கல் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றிலும் கால்சியம் குளோரைடாகச் சாக்கடையிலும் போய்விடுகிறது. கடலடியில் யுகக்கணக்கில் படிந்ததை ஒரு மேஸ்திரி பத்து நிமிடத்தில் கரைத்துத் தெருவில் விட்டார். எஞ்சியது சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான ஒரு பரப்பு. அடுத்த அழுக்கு வசதியாக உட்கார ஏற்றது. அதைப் போக்க மறுபடி ஆசிட் வேண்டும். இப்பள்ளி தன் மாணவர்களைத் தானே உற்பத்தி செய்துகொள்வது இவ்வாறுதான். போர்சலினை இந்த ஆசிட் ஒன்றும் செய்யாது. இடுக்கில் உள்ள சிமெண்ட்டைத் தின்னும்.

இரண்டாவது பிளீச்சிங் பவுடர் பள்ளி. பாசிக்கு எதிரான போரில் இதன் வெற்றி மறுக்க முடியாதது. தூவி, கால்மணி நேரம் விட்டு, தேய்த்து, நன்றாக அலசிவிட வேண்டும். அலசுவதைத்தான் யாரும் செய்வதில்லை. இரு பள்ளிகளையும் சமரசம் செய்யும் நோக்கில் ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் சேர்த்து ஊற்றுவோர் உண்டு. அப்போது கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மானியப் படை எதிரிப் பதுங்குகுழிகள்மேல் திறந்துவிட்டது அதைத்தான். கறை என்ன செய்தாலும் அந்த அளவுக்குப் பகை வேண்டாம். போலி ஆய்வு என்றாலும் இந்த ஒரு பத்தியை மெய்யாகவே எடுத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன்.

மூன்றாவது ஜெட் பள்ளி. பக்கத்து வீட்டு இளைஞர் சேர்ந்திருப்பது. துப்பாக்கி போன்ற குழாயிலிருந்து அழுத்தத்தோடு தண்ணீர் வரும். அழுக்கு அழிவதில்லை, இடம்பெயர்கிறது. அவர் வாசல் வெளுத்த அன்றைக்கு நம் காம்பவுண்டுச் சுவர் கறுத்தது. இடுக்குச் சிமெண்ட்டும் கிளம்பிப் போனதில் எறும்புகளுக்கு வீடு கிடைத்தது.

நான்காவது மாமியார் பள்ளி. தென்னந்துடைப்பம், தேங்காய்நார், ஒரு வாளித் தண்ணீர், கரைத்த துணிச்சோப்பு கொஞ்சம். கல் பராமரிப்பைப் பற்றி உலகெங்கும் சொல்லப்படுவதும் ஏறக்குறைய இதுவே: அமிலமும் கூடாது, கடுங்காரமும் கூடாது, மிதமான சோப்பு போதும், நிறையத் தண்ணீர் விட்டு அலசு. அந்த மிதமான சோப்புக்கு மட்டும் லிட்டருக்கு அறுநூறு ரூபாய் கேட்கிறார்கள். ஆனால் இப்பள்ளியிலும் ஒரு வழு உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கும் பித்தளைச் சொம்பும் வாசல் குழாயடியில் புளி போட்டுத் துலக்கப்படுகின்றன. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். மேஸ்திரியின் ஆசிட் ஒரே நாளில் செய்ததைப் புளி நாற்பது ஆண்டுகளில் நிதானமாகச் செய்திருக்கிறது. குழாயடியில் ஒரு முழ வட்டத்துக்குக் கடப்பா மங்கிச் சொரசொரத்துக் கிடக்கிறது. இவ்வாய்வாளர் தமது குறிப்பேட்டில் ‘சேதம் எண் 7’ என்று இதைப் பதிந்தார். மாமியாரிடம் சொன்னபோது, “விளக்கு பளிச்சுனு இருக்கா இல்லையா?” என்று கேட்டார். இருந்தது.

இதுவரை கண்டதிலிருந்து பெறப்படும் கருதுகோள்: கறையை யாரும் நீக்குவதில்லை. அவரவர் கறையை வைத்து முந்தையவர் கறையை மறைக்கிறார்கள்.

அஃதேல், கறையே படாமல் செய்தால் என்ன? இக்கேள்வியே இவ்வாய்வாளரைச் சீலர் கடைக்கு இட்டுச் சென்றது.

சீலரின் தத்துவம் பழையது. தாமரை இலைத் தண்ணீர்தான். ஒட்டாமல் வாழ்வதைச் சொல்ல நாம் தலைமுறை தலைமுறையாக அந்த இலையைக் காட்டி வருகிறோம். பான் நகரத்துத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, இலைமேல் மெழுகு பூசிய நுண்ணிய மேடுகள் இருப்பதையும், துளி உருளும்போது தூசியைக் கூட்டிக்கொண்டு போவதையும் 1997இல் சக ஆய்வாளர் நைன்ஹூயிஸோடு சேர்ந்து விளக்கினார். துளி ஒரு பரப்பில் எந்தக் கோணத்தில் உட்காருகிறது என்பதே கணக்கு. அக்கணக்கை 1805இல் தாமஸ் யங் தொடங்கிவைத்தார். தொண்ணூறு டிகிரிக்குக் குறைந்தால் நனையும், கூடினால் நனையாது. தாமரை இலையில் அது நூற்றைம்பதைத் தாண்டும்.

சீலரில் இரண்டு குலம். ஒன்று மேலே படுப்பது: அக்ரிலிக் போன்றவை. காய்ந்தால் கண்ணாடித் தாள் ஒட்டியதுபோல் பளபளக்கும். மற்றது உள்ளே இறங்குவது: சைலேன், சைலாக்சேன் வகைகள். நுண்துளைகளின் சுவரில் மட்டும் பிடித்துக்கொள்ளும். துளை அடைபடாததால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறலாம், வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே போக முடியாது. கல்லுக்குச் சீலர் வேண்டுமா என்று அறியச் சோதனை எளிது. நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். கல் கறுத்தால் குடிக்கிறது, வேண்டும். கறுக்காவிட்டால் வேண்டாம். கடப்பா குடித்தது. கிரானைட் படி யோசித்தது. போர்சலின் ஏறிட்டும் பார்க்கவில்லை. பார்க்காது. நூறு கிலோ போர்சலினை ஊறப்போட்டாலும் அரைக் கிலோவுக்குமேல் தண்ணீர் ஏறக்கூடாது என்பதே அதற்குப் போர்சலின் என்று பெயர் சொல்ல விதித்த தரம். அதற்குச் சீலர் அடிப்பது மீனுக்குக் குடை பிடிப்பது. இடுக்குக்கு மட்டும் அடித்தால் பொருளுண்டு.

இதையெல்லாம் படித்து முடித்துவிட்டுத்தான் இவ்வாய்வாளர் கடைக்குப் போனார். கடைக்காரர், “போர்சலினுக்கும் ஒரு கோட் அடிச்சிடுங்க சார், ஒரு சேஃப்டிக்கு” என்றார். யாருடைய சேஃப்டிக்கு என்று கேட்கத் தவறியது ஆய்வின் குறைபாடு. கடப்பாவுக்கு உள்ளே இறங்குவது ஐந்து லிட்டர், போர்சலினுக்கு மேலே படுப்பது ஒரு லிட்டர் என்று இரண்டு டப்பா வந்து சேர்ந்தன.

வழுக்கல் பற்றி ஒரு குறிப்பு அவசியம். வெளித்தரை டைல்ஸ் அட்டையில் ஆர் 11, ஆர் 12 என்றெல்லாம் போட்டிருப்பார்கள். ஜெர்மனியில் ஒரு சோதனை உண்டு. சாய்தளத்தில் டைல்ஸ் பதித்து எண்ணெய் ஊற்றி, குறிப்பிட்ட வகைக் காலணி அணிந்த ஒருவரை அதன்மேல் முன்னும் பின்னும் நடக்கச் செய்து, தளத்தைச் சிறிது சிறிதாகச் சாய்ப்பார்கள். எந்தக் கோணத்தில் தடுமாறுகிறாரோ அதுவே தரம். 19 முதல் 27 டிகிரி வரை தாங்கினால் ஆர் 11. அவர் இடுப்பில் பாதுகாப்புக் கயிறும் உண்டு. இதே சோதனை நம் தெருவில் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் விடியற்காலையில் கயிறில்லாமல் நடக்கிறது, பால்காரர் கலந்துகொள்கிறார். பளபளக்கும் சீலரை அடித்தால் டைல்ஸ் வாங்கிய தரமெல்லாம் அந்தத் தாளுக்கு அடியில் போய்விடும் என்பதையும் கடைக்காரர் சொல்லவில்லை.

புரட்டாசிக் கடைசியில், மூன்று நாள் மழையில்லாத இடைவெளி பார்த்து, கல் நன்றாகக் காய்ந்தபின் பூச்சு நடந்தது. இரண்டு நாற்காலிகளுக்கு இடையே கொடிக்கயிறு கட்டி நாற்பத்தெட்டு மணி நேரம் வாசல் மூடப்பட்டது. குடும்பம் பக்கவாட்டுச் சந்து வழியாகப் போய் வந்தது. மாமியார் யாரிடமோ போனில், “துக்கமெல்லாம் ஒண்ணுமில்ல, மாப்பிள்ளை வாசலுக்கு மருந்து போட்டிருக்கார்” என்று விளக்கிக்கொண்டிருந்தார். தடையை மதிக்காதது பூனை ஒன்றே. போர்சலினில் காயாத பூச்சின்மேல் நான்கு தடங்களை வைத்துவிட்டுப் போயிற்று.

முடிவுகள் வருமாறு. போர்சலினில் பூச்சு மூன்றே வாரம் இருந்தது. ஓடி வந்து நின்ற காரின் சூடான டயர் அதைப் பாம்புச் சட்டைபோல் உரித்துக்கொண்டு கிளம்பியது. டயர் படாத ஓரத்தில் பூனையின் கால்தடங்கள் மட்டும் இன்றுவரை பளபளக்கின்றன. கடப்பாவில் வெற்றி, முழு வெற்றி. ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடியது. சிந்திய காப்பி துடைத்தால் போயிற்று. வருகிற போகிறவர்களையெல்லாம் நிறுத்தி இவ்வாய்வாளர் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் காட்டினார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் இரண்டு முறை பார்த்தார்.

மார்கழி பிறந்தது.

முதல் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு மாமியார் வழக்கம்போல் வாசல் தெளித்தார். தெளித்த தண்ணீர் பரவவில்லை. ஆயிரம் துளிகளாகத் திரண்டு நின்றது. புள்ளி வைத்தார். கோலமாவு கல்லைத் தொடாமல் துளிகளின் முதுகில் உட்கார்ந்தது. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வாட்டம் பார்த்துத் தெருப்பக்கம் உருண்டன. புள்ளிகளும் கூடவே போயின. இரண்டாம் நாள் அரிசி அரைத்து மாக்கோலம். இழுத்த இழை கைக்குப் பின்னாலேயே சுருங்கி மணி மணியாக அறுந்தது. உள்ளே வந்து, “கல்லுக்கு என்ன குடுத்தீங்க மாப்பிள்ளை? வெச்ச புள்ளி நிக்க மாட்டேங்குது” என்றார். கறை படாத கல்லில் கோலமும் படாது என்பது இவ்வாய்வாளர் புரட்டிய நூல்களில் இல்லை. அந்த நூல்கள் எழுதப்பட்ட ஊர்களில் வாசலில் யாரும் எதையும் வரைவதில்லை. மனைவி ஸ்டிக்கர் கோலம் வாங்கி வரலாம் என்றார். மாமியார் பதில் சொல்லவில்லை. அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை மத்தியானங்களில் வாசலில் கரகரவென்று ஓசை கேட்டது. இவ்வாய்வாளர் எட்டிப் பார்த்தபோது, முக்காலி போட்டு உட்கார்ந்து, வேலைக்கு வரும் அக்காவிடம் தேங்காய்நாரைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார் மாமியார். ஊறவைத்த புளி ஒரு கிண்ணம், செங்கல்தூள் ஒரு கிண்ணம். வாசலுக்கு நடுவே, நிலைப்படிக்கு நேரே, ஒரு சதுரம். “அத்தை, புளி கல்லை அரிச்சிடும்” என்று எச்சரிக்கப்பட்டது. “அரிக்கட்டும்னுதான்” என்றார்.

சதுரத்தை இவ்வாய்வாளர் டேப் வைத்து அளந்தார். பக்கத்துக்கு இரண்டரை அடி. நிறம் சாம்பல். பரப்பு சொரசொரப்பு. தண்ணீர் ஊற்றினால் முத்தாகத் திரளாமல் பரவி நின்று கல்லைக் கறுப்பாக்கியது. குறிப்பேட்டில் ‘சேதம் எண் 8’ என்று எழுதிப் பிறகு அடித்துவிட்டார். மார்கழி மீதி நாளெல்லாம் கோலம் அதற்குள் விழுந்தது. ஏழு புள்ளி, ஒன்பது புள்ளி, போகி அன்று கோணல் இல்லாமல் பதினொன்று. காவிக் கரையும் பிடித்தது.

காலியான ஐந்து லிட்டர் டப்பாவை மாமியார் கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, கோலமாவு கொட்டி வைத்திருக்கிறார். அடுத்த ஐப்பசி அடைமழையிலும் மாவு கட்டி தட்டவில்லை. ஈரம் உள்ளே போகாது என்று டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பது உண்மைதான்.